சுற்றறிக்கைக்கு வராதவர்கள்

32 மாணவர்களிடம் 32 சுற்றறிக்கைகளைக் கொடுத்தனுப்பினோம். கையொப்பத்தோடு திரும்பி வந்தவை நான்கு. அவற்றிலும் ஒன்று, தந்தையின் கையெழுத்தை மகனே போட்டது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தமிழாசிரியனாக இருபது ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய கண்களுக்கு அது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு அன்று.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது. ஓரிக்கைப் பகுதிப் பள்ளி ஒன்றில் நம் மகன் சாரணர் படையில் சேர்ந்திருந்தான். பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டாண்டுகள் கிடப்பில் கிடந்த படையை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று சாரண ஆசிரியர் முயன்றுகொண்டிருந்தார். கணிதம் நடத்தி, தேர்வுப் பணி பார்த்து, மிச்ச நேரத்தில் 32 பிள்ளைகளையும் ஒருவராகவே மேய்க்க வேண்டிய நிலை அவருக்கு. ஒரு நாள் நம்மிடம், "சார், நீங்க காலேஜ் வாத்தியார். நீங்க சொன்னா பெத்தவங்க கேப்பாங்க. நாலு பேரைச் சேர்த்துக் குடுங்க, போதும்" என்றார். 'நீங்க சொன்னா கேப்பாங்க' என்ற சொற்றொடர் மனிதனை எவ்வளவு எளிதாக வீழ்த்திவிடுகிறது! ஒப்புக்கொண்டோம்.

சுற்றறிக்கையை நாமே எழுதினோம். 'தன்னார்வத் தொண்டாற்ற விழையும் பெற்றோர் தம் பெயர், தொழில், வாரந்தோறும் ஒதுக்கவியலும் நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு...' என்று தொடங்கிற்று அது. ஒற்று மிகுமிடம் எதிலும் பிழையில்லை. எழுதி முடித்து இரண்டு முறை படித்து மகிழ்ந்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கூட்டம். வந்தவர்கள் மூவர். ஓரிக்கையில் உள்ள அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்க்கும் ஒருவர், மளிகைக்கடைக்காரர் ஒருவர், மகனை அழைத்துப்போக வந்து தவறுதலாக உள்ளே அமர்ந்துவிட்ட ஓர் அம்மா. நாற்பது பேருக்கு வாங்கிய தேநீரைப் பிள்ளைகளே குடித்துத் தீர்த்தார்கள். திரும்பும் வழியில் சாரண ஆசிரியரிடம் நாம் சொன்ன வாசகம் இன்றும் நினைவிருக்கிறது: "இந்தப் பெற்றோர்களுக்கு அக்கறையே இல்லை சார்." அவர் பதில் சொல்லவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உடன் நடந்தார்.

இக்கட்டுரை அந்த வாசகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காக எழுதப்படுவது.

சாரணர் என்ற சொல்லைப் பற்றி முதலில் சிறிது பேச வேண்டும், தொழில் பழக்கம். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், மதுரை நோக்கி நடக்கும் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் காவிரிக்கரையில் சாரணரைக் காண்கிறார்கள். அங்கே சாரணர் என்போர் சமண முனிவர். நினைத்த இடத்திற்கு வான்வழி இயங்க வல்லவர். ஒற்றர் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: இயங்குதல், ஓரிடத்தில் இராமல் செல்லுதல். ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக இதைத் தேர்ந்தவர் எவரோ, நல்ல தமிழறிவு உள்ளவர். குருளையர், நீலப்பறவையர், சாரணர், சாரணியர், திரிசாரணர் என்று பிரிவுகளுக்கு அமைந்த பெயர்களும் காதுக்கு இனியவை.

இயக்கத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. 1907இல் பேடன் பவல் பிரௌன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களோடு பாசறை நடத்தினார். மறு ஆண்டு அவருடைய நூல் வந்தது. அதைப் படித்த சிறுவர்கள் தாங்களாகவே அணி சேர்ந்துகொண்டு, தங்களை நடத்தப் பெரியவர்களைத் தேடி அலைந்தார்கள் என்று சொல்வார்கள். இந்தியாவில் 1909இல் பெங்களூரில் முதல் படை அமைந்தபோது அது வெள்ளையர் பிள்ளைகளுக்கானது. இந்தியச் சிறுவருக்கு அங்கே இடமில்லை. 1910களில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும், வடக்கே மதன் மோகன் மாளவியாவும் குன்ஸ்ருவும் இந்தியப் பிள்ளைகளுக்கெனத் தனிச் சங்கங்கள் கண்டனர். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண இயக்கம் ஒன்றுபட்ட அமைப்பாக உருவாயிற்று. அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தனர்.

இவ்வளவு வரலாற்றில் நமக்கு உறைத்தது ஒரே செய்திதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இவ்வியக்கம் பெரும்பாலும் ஊராரின் கையில், தேவாலயக் கூடங்களிலும் பொது மன்றங்களிலும், பெற்றோரும் அண்டை வீட்டாரும் நடத்த வளர்ந்தது. நம் நாட்டிலோ பெரும்பாலும் பள்ளிக்குள், ஆசிரியரின் தோளில் வந்து அமர்ந்துவிட்டது. பெற்றோர் என்பவர் பாசறைக்கு அனுப்பச் சம்மதம் என்று கையொப்பமிடுபவர். பள்ளி வாயிலுக்கு வெளியே நிற்பவர். எழுபது ஆண்டுகளாக வெளியே நிறுத்தியவரை ஒரு சுற்றறிக்கையில் உள்ளே அழைத்துவிடலாம் என்று நினைத்தது நம் பிழை.

அடுத்த வாரம் வீடுகளுக்கே போவதென்று முடிவு செய்தோம். கையெழுத்தைத் தானே போட்ட சிறுவனின் வீட்டிலிருந்து தொடங்கினோம். கண்டிக்கும் எண்ணமும் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன். முடிச்சுகளிலும் திசை அறிவதிலும் படையில் அவனுக்கு நிகரில்லை.

நீண்டு குறுகிய வீடு. நடுக்கூடம் முழுவதும் தறி. குழிக்குள் காலை இறக்கி அவன் தந்தை அமர்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், கரை ஓரமாக, நம் சாரணன். நம்மைக் கண்டதும் பையன் எழ முயன்றான், எழ முடியவில்லை. அவன் கையில் நாடா இருந்தது.

கோர்வைச் சேலையைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் காஞ்சிப் பட்டில், அவ்விரு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என்று மூன்று நாடாக்கள் ஓடும். ஒருவரால் மட்டும் இது ஆகாது; கரை நாடாவை வாங்கி எறியப் பக்கத்தில் இன்னொருவர் அமர வேண்டும். ஒரு காலத்தில் அந்த இன்னொருவர் இவ்வூரில் பெரும்பாலும் குழந்தையாகவே இருந்தார். முன்பணத்திற்காகப் பிறர் வீட்டுத் தறியில் அமர்த்தப்பட்ட குழந்தைகளின் கதை காஞ்சிபுரத்தின் பெருமைக்குரிய பக்கம் அன்று. சட்டமும் பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களும் பல ஆண்டுகள் போராடி அதைக் குறைத்தன. இந்தப் பையன் வாரநாட்களில் பள்ளிக்குத் தவறுவதில்லை. தாய் இல்லாத வீடு. சனியும் ஞாயிறும் அவன்தான் துணைக்கை.

"குந்துங்க சார்" என்றார் தந்தை. நாம் சாரணர் இயக்கத்தின் மேன்மையைப் பற்றிப் பேசினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை சாயந்திரம் அவன் அங்க வந்துட்டா, இங்க தறி நின்னுடும் சார். அவன் ஆசைப்படறானேன்னு அதுக்கு சரின்னுட்டேன். இப்ப என்னையும் வரச் சொல்றீங்க. ரெண்டு பேரும் வந்துட்டா நெசவை யாரு பாக்கறது?"

அவர் குரலில் குறை இல்லை. கணக்குக் கேட்பது போலவே கேட்டார். ஒரு பாவில் மூன்று சேலை. ஒரு சேலைக்கு இருவர் கையில் பத்துப் பதினைந்து நாள். முகூர்த்த மாதத்திற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். படிவத்தில் 'வாரந்தோறும் ஒதுக்கவியலும் நேரம்' என்று நாம் விட்டிருந்த கோடிட்ட இடம் நினைவுக்கு வந்தது. மகனை அனுப்பியதன் மூலம் அவர் அதை ஏற்கெனவே நிரப்பிவிட்டிருந்தார். அக்கறையில்லை என்று நாம் யாரைச் சொன்னோமோ, அவர் வாரந்தோறும் மூன்று மணி நேர நெசவை நம் படைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையெழுத்தைப் பற்றி நாம் பேசவில்லை. பள்ளி வயதுப் பையன் விடுமுறை நாளைத் தறியில் கழிப்பது சரி என்று நாம் சொல்ல வரவில்லை. அன்று அந்தக் கூடத்தில் அதைச் சொல்லும் தகுதி நமக்கு இருந்ததாகவும் தோன்றவில்லை.

அன்றிரவு இவ்வூரின் பெயரைப் பற்றிய பழங்கதை மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணன். தன்னைப் பாட மறுத்ததற்காக மன்னன் அவனைக் கச்சியைவிட்டு வெளியேறச் சொல்கிறான். சீடன் போகிறான் என்று ஆழ்வாரும் கிளம்புகிறார். கிளம்புமுன் திருவெஃகாவில் கிடந்த பெருமாளிடம், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்கிறார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு பின்னால் நடக்கிறார். கச்சி இருண்டு போகிறது. மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, மூவரும் திரும்புகின்றனர். இடையில் ஓரிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை, அதுவே ஓரிக்கை. பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர்.

இக்கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். இறைவனின் எளிமைக்கு எடுத்துக்காட்டாகத்தான். அன்று வேறொன்று தெரிந்தது. ஆழ்வார் ஆசிரமத்தில் அமர்ந்துகொண்டு பெருமாளுக்கு ஓலை அனுப்பவில்லை. தாம் கிளம்பிவிட்டார்; கிளம்பிய பிறகு, போகிற வழியில் நேரில் சென்று அழைத்தார். கேட்டதும் ஒரே ஒரு செயல்: படுக்கையைச் சுருட்டு, வா. 'தொண்டாற்ற விழைவோர்' என்று பொதுவாக அவர் யாரையும் கேட்கவில்லை. நாமோ அதுவரை ஒரு சனிக்கிழமைகூட முழுதாக மைதானத்தில் நின்றதில்லை. நின்று பார்க்காத வேலைக்குப் பிறரை அழைத்துக்கொண்டிருந்தோம்.

எனவே முதலில் நாம் போனோம். இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் மைதானத்தில் நின்று, தண்ணீர்க் குடம் நிரப்புவது, காயத்திற்கு மருந்து போடுவது, வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆளனுப்புவது என்று என்னென்ன வேலை இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதினோம். அதுவரை 'உதவி தேவை' என்று மட்டுமே தெரிந்திருந்தது. எந்த உதவி, எத்தனை நிமிடம் என்பது அப்போதுதான் புலப்பட்டது. பதினெட்டு வேலைகள் தேறின. அவற்றில் பன்னிரண்டுக்குப் பள்ளிக்கே வரவேண்டியதில்லை.

இம்முறை படிவம் இல்லை. தெருத்தெருவாகப் போய், ஆளுக்கு ஒன்று மட்டும் கேட்டோம். பணிமனைக்காரர் பணிமுறை மாறி வருபவர். வாரநாள் காலை அவருக்கு ஓய்வு கிடைக்கும். நடைப்பயணம் போகும் நாளில் பிரதான சாலையைப் பிள்ளைகள் கடக்கும்வரை நிற்க முடியுமா என்றோம். இருபது நிமிட வேலை. அவர் இன்றுவரை தவறியதில்லை. ஓர் அம்மா தையல் இயந்திரம் வைத்திருந்தார். கழுத்துத் துணிகளுக்கு ஓரம் அடித்துத் தந்தார். தார் சுற்றும் பாட்டி ஒருவர், கூடாரக் கயிறுகளை வீட்டிலேயே பிரித்துச் சுற்றி வைத்தார். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம் குழியில் ஏறித் தறி நின்றுவிடும் வாரங்கள் உண்டு; நெசவாளர் வீடுகளில் கையில் வேலையற்று மனம் கனத்திருக்கும் நாட்கள் அவை. பெற்றோர் கூட்டத்தை அந்த மாதங்களுக்கு மாற்றினோம். அந்த ஆண்டுக் கார்த்திகைக் கூட்டத்திற்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள்.

இதில் நாம் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இவ்வூர்த் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவின் நீளத்துக்குப் பட்டிழை விரியும். பிடிக்கவும் இழுக்கவும் அறுந்த இழையைச் சேர்க்கவும் ஒரு வீட்டார் போதாது. பக்கத்து வீட்டார் வந்து நிற்பார்கள். நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடும், பெயரெழுதிக்கொள்ள ஆளில்லை. 2019இல் அத்திவரதர் 48 நாள் காட்சியளித்தபோது ஓரிக்கையில் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைந்தது. வெயிலில் இறங்கி நடந்த கூட்டத்திற்கு வீட்டுத் திண்ணைகளில் குடத்தில் தண்ணீர் வைத்தவர்களை நாமே பார்த்திருக்கிறோம். தன்னார்வம் என்ற சொல் இல்லாமலே அந்த வேலை இங்கே நடந்து வந்திருக்கிறது. அதற்கு உரிய நேரமும் வாசலும் நமக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் பையனின் தந்தை மட்டும் எதற்கும் வரவில்லை. நாமும் கேட்கவில்லை. ஆனால் மழை நாள் ஒன்றில், மகனுக்குக் குடை கொண்டுவந்தவர் பள்ளி வாயிலிலேயே நின்றார். உள்ளே தாழ்வாரத்தில் பிள்ளைகள் முடிச்சுப் பழகிக்கொண்டிருந்தனர். ஒரு தடித்த கயிறும் ஒரு மெல்லிய கயிறும் இணைக்கும் முடிச்சு. ஷீட் பெண்ட் என்பார்கள். நான்கு பேருக்கு அது நழுவிக்கொண்டே இருந்தது. அவர் மெல்ல உள்ளே வந்து, சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம முடிச்சாச்சே" என்றார்.

கயிற்றை வாங்கினார். பிள்ளைகள் வளையம் செய்து, நுனியை நுழைத்து, சுற்றி, மீண்டும் நுழைத்து என்று நான்கு படிகளில் செய்ததை அவர் விரல்கள் ஒரே அசைவில் செய்து முடித்தன. நுழைத்ததே கண்ணுக்குத் தெரியவில்லை. அறுந்த இழையைத் தறியில் முடியும் முடிச்சும் கப்பற்காரர்கள் பாய்க்கயிற்றில் போடும் இந்த முடிச்சும் அமைப்பில் ஒன்றே என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். போடும் முறைதான் வேறு. சாரணர் கையேடுகள் கடலோடிகளிடமிருந்து எடுத்துக்கொண்டதை இவர் தம் தந்தையிடமிருந்து எடுத்திருந்தார். அவர் மகன் படையிலேயே சிறந்த முடிச்சுக்காரனாக இருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. பையன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பள்ளிக்குள் அவன் பார்ப்பது அதுவே முதல் முறை என்று பிறகு சொன்னான்.

அதன்பின் மழை நாட்களில் அவர் வந்தார். வெயில் நாட்களில் வரவில்லை. அது நியாயம்.

2023 ஜனவரியில் மூன்று நாள் பாசறை வந்தது. அதில் கலந்துகொள்ளாவிட்டால் பையன் அடுத்த நிலைத் தேர்வுக்குப் போக முடியாது. தை மாதம், முகூர்த்தச் சேலை தறியில் பாதியில் நின்றது. மூன்று நாள் துணைக்கை இல்லையென்றால் சேலை தவணைக்கு முடியாது. சாரண ஆசிரியரும் நாமும் பேசிப் பார்த்தோம். பணம் கொடுத்து ஆள் வைக்கலாம் என்று நாம் சொன்னபோது தந்தையின் முகம் மாறியது, அதோடு நிறுத்திக்கொண்டோம். பையன் வரமாட்டான் என்றே பெயரை அடித்துவிட்டோம்.

கிளம்பும் நாள் காலை 6 மணிக்கு அவன் சீருடையோடு வந்து நின்றான். எப்படி என்று கேட்டோம். "எதிர்வீட்டு அக்கா வந்து உக்காந்துட்டாங்க ஐயா" என்றான்.

அந்த அம்மாளின் பிள்ளைகள் படையில் இல்லை. அந்தப் பள்ளியிலும் இல்லை. கல்யாணமாகுமுன் தன் தந்தைக்குத் துணைக்கையாக இருந்தவர். பதினைந்து ஆண்டுகளாக நாடாவைத் தொட்டதில்லை. தெருவில் பேச்சு காதில் விழுந்து, தானாகவே போய், "மூணு நாளு நான் போடறேண்ணே, புள்ள போய்ட்டு வரட்டும்" என்றிருக்கிறார். வெள்ளியும் சனியும் ஞாயிறும் தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு அந்தக் கரை ஓரத்தில் அமர்ந்தார். பாசறை முடிந்து வந்த அன்று நன்றி சொல்லப் போனோம். "இதுக்கெல்லாம் என்ன சார்" என்றவர், சாரணர் என்றால் என்ன, அங்கே பிள்ளைகளை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று விசாரித்தார். அது தெரியாமலேதான் மூன்று நாள் அமர்ந்திருந்தார்.

ஆண்டு இறுதியில் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பெற்றோர் பங்கேற்பு என்ற தலைப்பின் கீழ், வந்தவர் பெயர், வந்த நாள், செய்த பணி என்று மூன்று கட்டங்கள். பணிமனைக்காரர், தையல்கார அம்மா, மளிகைக்கடைக்காரர், முடிச்சுக்காரர் என்று எழுதிக்கொண்டே வந்து அந்த அம்மாளிடம் நின்றோம். அவர் பெற்றோர் அல்லர். பள்ளிக்கு வந்ததே இல்லை. செய்த பணி என்ற இடத்தில் எதை எழுதுவது? கோர்வை நாடா எறிந்தார் என்று எழுதினால் படிப்பவர் எங்கோ தாள் மாறிவிட்டது என்று எண்ணுவார்.

எழுதாமல் விட்டோம். அந்தக் குறை தீரவில்லை. பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிவிட்டான். நம் மகனும் படையிலிருந்து வெளியேறிவிட்டான். நோட்டை இன்னொரு தந்தையிடம் ஒப்படைத்தாயிற்று. ஒப்படைக்கும்போது அவர், "சார், சுற்றறிக்கை மாதிரி ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்களேன், உங்க தமிழ்ல நல்லா இருக்கும்" என்றார்.

எழுதித் தரவில்லை. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு முதல் தெருவுக்குப் போனோம்.